பூட்டும் பொறிப்பும்

உடைமை என ஒன்று தோன்றிய நாளிலேயே அதைக் கவரும் எண்ணமும் உலகில் தோன்றிவிட்டது. நிலத்தையும் வீட்டையும் எவரும் தூக்கிச் சென்றுவிட முடியாது. பொன்னையும் மணியையும் பெட்டியில் வைத்துப் பூட்டலாம். ஆனால் தானே ஓடும் உடைமையைக் காப்பது எக்காலத்திலும் பெரும்பாடாகவே இருந்து வந்திருக்கிறது. முற்காலத்தில் ஆநிரையும் குதிரையும் அத்தகைய உடைமைகளாக இருந்தன. இக்காலத்தில் மோட்டார் கார் அத்தகையது. தன்னைத் திருடியவனையே சுமந்துகொண்டு ஓடிவிடுவது அதன் இயல்பு. அதிலும் பெருவிலை பெற்ற ஸ்போர்ட்ஸ் கார், தப்பி ஓடுவதற்கு வேண்டிய வேகத்தையும் திருடனுக்குச் சேர்த்தே வழங்கிவிடுகிறது. இத்தகைய கார்களை மனிதர் எவ்வெவ்வாறு காக்க முயன்றனர், அம்முயற்சிகளுள் எவை பலித்தன, எவை பொய்த்தன என்பவற்றை இவ்வுரையில் காண்போம்.

காவல் முறைகள் பலவாயினும் அவற்றை இரண்டு வகையில் அடக்கலாம். ஒன்று பூட்டு, மற்றொன்று பொறிப்பு. பூட்டு என்பது பொருளைக் கைப்பற்றவிடாமல் தடுப்பது. கதவு, சங்கிலி, சாவி, காவற்காரன் ஆகிய யாவும் இவ்வகையைச் சேரும். பொறிப்பு என்பது பொருளின் மீது ஓர் அடையாளம் இட்டு, அவ்வடையாளத்தை ஏட்டில் எழுதி வைப்பது. பூட்டை உடைத்தவன் பொருளைப் பெற்றுவிடுகிறான். பொறிப்பும் ஏடும் உள்ள இடத்திலோ, பொருளைப் பெற்றவனும் அதைத் தன்னுடையது என்று சொல்லி வெளியே கொண்டுவர முடிவதில்லை. நல்ல விலைக்கு விற்கவும் முடிவதில்லை. கார் வைத்திருப்போர் பேசுவதெல்லாம் பெரும்பாலும் பூட்டைப் பற்றியே. எனினும், காணாமற்போன அரிய கார்கள் பல்லாண்டுகளுக்குப் பின் வெளிப்பட்ட வரலாறுகளை ஆராய்ந்தால், அவற்றைக் காட்டிக்கொடுத்தது பொறிப்பே என்பது புலனாகும்.

இவ்வுண்மை மோட்டார் யுகத்தில் புதிதாகக் கண்டறியப்பட்டதன்று. ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுப் பழமை வாய்ந்த அர்த்தசாஸ்திரத்தில் இது தெளிவாகக் கூறப்பட்டுள்ளது. அந்நூலின் ஏட்டுச் சுவடியைத் தஞ்சை மாவட்டத்துப் பண்டிதர் ஒருவர் 1905ஆம் ஆண்டில் மைசூர்க் கீழ்த்திசைச் சுவடி நிலையத்திற்கு வழங்கினார் என்பதும், அங்கிருந்த ஷாம சாஸ்திரி அதனை 1909இல் அச்சிட்டு உலகறியச் செய்தார் என்பதும் நேயர்களில் பலர் அறிந்த செய்திகளே. அரண்மனைக் குதிரைகளுக்குப் பொறுப்பான அதிகாரி ஒவ்வொரு குதிரையின் இனம், வயது, நிறம், உடற்குறிகள், பிறந்த நாடு ஆகியவற்றை ஏட்டில் பதிய வேண்டும் என்று அந்நூல் விதிக்கிறது. ஆநிரைக்கு உரிய அதிகாரியோ, மாட்டின் நிறத்தையும் இயற்கைக் குறியையும் இட்ட சூட்டையும் குறித்துக்கொள்வதோடு அமையாமல், இரு கொம்புகளுக்கும் இடையே உள்ள தொலைவையும் குறித்துக்கொள்ள வேண்டும். கொட்டிலுக்குப் பூட்டு இடுவதோடு காவல் முடிந்துவிடாது என்பதை அக்காலத்து ஆட்சியாளர் நன்குணர்ந்திருந்தனர்.

குதிரையின் அருமையை நாம் இங்கே நினைவுகூர வேண்டும். தென்னாட்டில் நல்ல குதிரை எளிதில் கிடைப்பதன்று. அது அரபு, பாரசீக நாடுகளிலிருந்து கடல் கடந்து வந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டி நாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, அங்கிருந்த மன்னர்கள் ஆண்டுதோறும் ஏராளமான குதிரைகளைப் பெருவிலை கொடுத்து வாங்கியதை வியந்து எழுதினார். வேகமும் அழகும் பெருவிலையும் ஒருங்கே பொருந்திய அக்குதிரை, அக்காலத்து ஸ்போர்ட்ஸ் கார் என்றே கூறலாம். அதை அடைய விரும்பியோரும் பலர். அதைக் காட்டி ஏமாற்ற விரும்பியோரும் பலர்.

தில்லியை 1296 முதல் 1316 வரை ஆண்ட அலாவுதீன் கில்ஜிக்கு ஒரு தொல்லை இருந்தது. படைவீரருட் சிலர் உயர்ந்த குதிரையைக் கணக்கில் காட்டிச் சம்பளம் பெற்றுக்கொண்டு, பின்பு அதனை மாற்றி மட்டக் குதிரையோடு வந்து நின்றனர். சிலர் அணிவகுப்பு நாளன்று இரவல் குதிரையைக் கொண்டுவந்து காட்டினர். இவ்வஞ்சனையை ஒழிக்க அவர் குதிரைகளுக்குச் சூடு இடும் முறையையும், வீரரின் அங்க அடையாளங்களை எழுதிவைக்கும் முறையையும் கொண்டுவந்தார். சூடு இடுதலுக்கு ‘தாக்’ என்று பெயர். அவருக்குப் பின் தளர்ந்துபோன அம்முறையை, 1540 முதல் 1545 வரை ஆண்ட ஷேர்ஷா புதுப்பித்தார். பின்னர் 1574ஆம் ஆண்டையொட்டி அக்பர் அதனை மேலும் திருத்தமாக நடைமுறைக்குக் கொண்டுவந்தார்.

அக்பரின் அவையில் இருந்த அபுல் ஃபசல் எழுதிய அயினி அக்பரி, இம்முறை வளர்ந்த வரலாற்றைக் கூறுகிறது. தொடக்கத்தில் பாரசீக எழுத்து ஒன்றின் தலைப்பகுதி குதிரையின் கழுத்தில் பொறிக்கப்பட்டது. பின்பு இரு கோடுகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டுவது போன்ற குறி, தொடையில் இடப்பட்டது. அடுத்து, நாண் கழற்றிய வில்லைப் போன்ற குறி வந்தது. முடிவில் இவை யாவும் கைவிடப்பட்டு எண்களே பொறிக்கப்பட்டன; ஏமாற்று வித்தைகளைத் தடுக்க எண்ணே சிறந்தது என்பது அனுபவத்தில் தெரிந்தது. ஒரே குறி ஆயிரம் குதிரைகளின் மீது இருந்தால், எது எவருடைய குதிரை என்பதை அது சொல்லாது. எண்ணோ ஒவ்வொன்றையும் தனித்துக் காட்டும். ஏறத்தாழ நான்கு நூற்றாண்டுகளுக்குப் பின் மோட்டார் கார் செய்வோரும் இதே முடிவுக்குத்தான் வந்து சேர்ந்தனர்.

இனி மோட்டார் காரின் காலத்திற்கு வருவோம். 1893ஆம் ஆண்டில் பாரிஸ் நகரப் போலீசார், மோட்டார் வண்டிகள் தம் உரிமையாளரின் பெயரும் முகவரியும் அனுமதி எண்ணும் எழுதிய தகட்டைத் தாங்கிச் செல்ல வேண்டும் என்று ஆணையிட்டனர். பிரிட்டனில் 1903ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 1904 ஜனவரி முதல் நாள் தொட்டுப் பதிவெண் கட்டாயமாயிற்று. இந்தியாவில் 1914, 1939, 1988 ஆகிய ஆண்டுகளின் மோட்டார் வாகனச் சட்டங்கள் பதிவு முறையை ஒன்றன்பின் ஒன்றாகச் செப்பனிட்டன. இச்சட்டங்கள் முதலில் கருதியது, விபத்து நிகழ்த்திவிட்டு ஓடும் வண்டியை அடையாளம் காண்பதையே. ஆயினும் அந்த எண்ணும் அதற்குரிய ஏடும் திருட்டைத் துலக்கும் கருவிகளாகவும் விரைவில் பயன்பட்டன.

பூட்டின் வரலாறு வேறு வழியில் சென்றது. ஆரம்பகாலக் கார்களை இயக்க, முன்புறத்தில் கைப்பிடியைச் செருகிச் சுழற்ற வேண்டும். உரம் வாய்ந்த கையும் பழக்கமும் இல்லாதவன் காரைத் திருடக்கூட முடியாது. 1912ஆம் ஆண்டு மாடலில் காடிலாக் கார்கள் மின்சாரத்தால் தாமே இயங்கத் தொடங்கின. உரிமையாளருக்கு வந்த அந்த வசதி திருடனுக்கும் வசதியாயிற்று. 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேல் செய்யப்பட்ட ஃபோர்டு நிறுவனத்தின் ‘மாடல் டி’ கார்களில், 1919க்குப் பின் வந்தவற்றின் சாவிகள் இரண்டு டஜன் வகைகளில் அடங்கிவிட்டன. இரண்டு டஜன் சாவிகளைக் கோத்த வளையம் ஒன்றைக் கையில் வைத்திருப்பவனுக்கு ஊரிலுள்ள அத்தகைய கார்கள் எல்லாம் சொந்தமே.

அதே 1919ஆம் ஆண்டில் அமெரிக்க நாடு வேறொரு படிப்பினையைப் பெற்றது. ஒரு மாநிலத்தில் திருடிய காரை அடுத்த மாநிலத்துக்கு ஓட்டிச் சென்றுவிட்டால், முதல் மாநிலத்துப் போலீசின் கை அங்கே நீளுவதில்லை. இரண்டாம் மாநிலத்தின் ஏட்டில் அக்காரைப் பற்றிய செய்தியும் இல்லை. ஆகவே திருட்டுக் காரை மாநில எல்லை கடத்துவதை நாடு முழுவதற்கும் பொதுவான குற்றமாக்கிய சட்டம் அவ்வாண்டில் நிறைவேறியது. கார் எவ்வளவு தூரம் ஓடுமோ அவ்வளவு தூரம் ஏடும் ஓடவேண்டும் என்பது அச்சட்டத்தின் அடிப்படைக் கருத்து. பல மாநிலங்கள் கூடிய நம் நாட்டினருக்கும் இக்கருத்து அயலானதன்று.

ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருந்தோர் பூட்டை மட்டும் நம்பியிருக்கவில்லை. எஞ்சினின் மின்பொறியைச் சிலிண்டர்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் டிஸ்டிரிபியூட்டர் என்னும் உறுப்பினுள்ளே ‘ரோட்டார்’ எனச் சிறு துண்டு ஒன்று சுழலும். அதைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டால், எவ்வளவு விலையுயர்ந்த காரும் அசையாது நின்றுவிடும். ஜெர்மானியப் படையெடுப்பை அஞ்சியிருந்த 1940இல், ஆளில்லாமல் நிறுத்தப்படும் கார்கள் இயங்காதபடி செய்து வைக்கப்பட வேண்டும் என்று பிரிட்டனில் ஆணை பிறந்தபோது, பலர் கைக்கொண்ட வழி இதுவே. பழைய ஸ்போர்ட்ஸ் கார்களைப் போற்றி வைத்திருப்போர் இன்றும் இதனைக் கையாளுகின்றனர். பெட்ரோல் வரும் வழியையோ, பேட்டரியின் இணைப்பையோ துண்டிக்கும் மறைவான சுவிட்சும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. செலவு சொற்பம், பயனோ பெரிது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் கார்ப் பூட்டு விரைந்து வளர்ந்தது. 1949இல் கிரைஸ்லர் நிறுவனம், சாவியைத் திருப்பினாலே எஞ்சின் இயங்கும்படி அமைத்தது. 1961 முதல் மேற்கு ஜெர்மனி, சாவியை எடுத்ததும் ஸ்டியரிங் தண்டைப் பிணித்து நிறுத்தும் பூட்டைக் கட்டாயமாக்கியது. அமெரிக்காவில் 1970 ஜனவரியில், சாவியை எடுத்தால் காரை இயக்கவோ திருப்பவோ முடியாதபடி இருக்கவேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. திருடர் சும்மா இருக்கவில்லை. பூட்டின் உருளையையே இழுத்துப் பிடுங்கும் கருவிகளை அவர்கள் தேடிக்கொண்டனர்.

அமெரிக்காவின் புகழ்பெற்ற ஸ்போர்ட்ஸ் காரான கார்வெட், அந்நாளில் திருடரின் கண்ணை மிகவும் உறுத்திய கார்களுள் ஒன்று. 1986ஆம் ஆண்டு மாடலில் அதன் சாவிக்குள் மின்தடைத் துண்டு ஒன்று பதிக்கப்பட்டது. அத்துண்டில் பதினைந்து வகைகள் இருந்தன. சாவியின் பற்கள் பொருந்தினும் மின்தடை பொருந்தாவிடில், கார் சில நிமிடங்களுக்கு இயங்க மறுத்துவிடும். பதினைந்தையும் ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்க்கத் தெருவில் நிற்கும் திருடனுக்கு நேரம் ஏது? பூட்டின் வேலை திருடனை என்றென்றைக்கும் தடுப்பதன்று, அவனுடைய நேரத்தை விழுங்குவதே என்பதை இவ்வமைப்பு நன்கு விளக்கியது.

அதன்பின் வந்தது ‘இம்மொபிலைசர்’. சாவியின் தலைப்பகுதியில் சிறு மின்னணுச் சில்லு ஒன்று இருக்கும். அதற்குத் தனி பேட்டரி வேண்டுவதில்லை. சாவி செருகும் இடத்தைச் சுற்றியுள்ள கம்பிச்சுருள் எழுப்பும் வானொலி அலையிலிருந்தே அது ஆற்றலைப் பெற்று, தன் குறியீட்டை விடையாக அனுப்பும். எஞ்சினை ஆளும் கணிப்பொறி அவ்விடையை ஏற்றாலன்றி எஞ்சின் ஓடாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 1998 அக்டோபர் முதலும், ஆஸ்திரேலியாவில் 2001 ஜூலை முதலும் புதிய கார்களுக்கு இது கட்டாயமாயிற்று. நெதர்லாந்தில் இது கார்த் திருட்டை ஏறத்தாழ 40 விழுக்காடு குறைத்தது என்று அந்நாட்டு ஆய்வாளர் இருவர் 2016இல் வெளியிட்ட கட்டுரையில் கணக்கிட்டுக் காட்டினர். அமெரிக்காவில் சட்டம் இதைக் கட்டாயமாக்கவில்லை. அங்கு விற்கப்பட்ட கொரியக் கார்களில் இக்கருவி இல்லாத மாடல்கள் 2022ஆம் ஆண்டையொட்டிப் பெருந்தொகையில் திருட்டுப் போனதை உலகம் கண்டது.

இவ்வளவு நுட்பமான பூட்டுக்கும் மாற்று உண்டாயிற்று. சாவியைச் செருகாமல், பையில் வைத்திருந்தாலே கதவு திறந்து எஞ்சின் ஓடும் வசதி உயர்விலைக் கார்களில் வந்தது. 2011இல் சூரிச் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் எட்டு நிறுவனங்களின் பத்து மாடல்களைச் சோதித்து, வீட்டினுள் இருக்கும் சாவியின் அலையை வெளியே நிற்கும் கார் வரை கடத்திச் சென்று அதைத் திறந்து ஓட்ட முடியும் என்று மெய்ப்பித்தனர். ஒருவன் வீட்டுச் சுவரருகே ஒரு கருவியோடும், மற்றொருவன் காரருகே இன்னொரு கருவியோடும் நின்றால் போதும். சாவி பக்கத்தில்தான் இருக்கிறது என்று கார் நம்பிவிடும். சாவியை உலோக இழை வேய்ந்த பையிலோ மூடியிட்ட தகரப் பெட்டியிலோ வைத்தால் அலை வெளியே செல்லாது. இருபத்தொன்றாம் நூற்றாண்டின் நுண்பொறிக்கு ஒரு தகரப் பெட்டி காவலாக நிற்பதைக் காணும்போது வியப்பே மேலிடுகிறது.

பூட்டின் கதை முழுவதிலும் ஒரே நிகழ்ச்சி திரும்பத் திரும்ப வருகிறது. புதிய பூட்டு வரும். சில ஆண்டுகள் திருட்டுக் குறையும். பின்பு அதைத் திறக்கும் வழி தோன்றும். ஆகவே பூட்டு வேண்டியதே என்றாலும் அதுவே போதுமானதன்று. பூட்டுத் தோற்ற பின்னரும் தோற்காத காவல் ஒன்று வேண்டும். அதுதான் பொறிப்பு.

கார் செய்வோர் ஒவ்வொரு காரின் சட்டகத்திலும் தனி எண் பொறிக்கும் வழக்கத்தை ஆதிநாள் தொட்டே கொண்டிருந்தனர். இதனையே நாம் சேஸிஸ் எண் என்கிறோம். இத்தாலியின் ஃபெராரி நிறுவனம் 1950களில் சாலையில் ஓடும் கார்களுக்கு ஒற்றை எண்களையும், பந்தயக் கார்களுக்கு இரட்டை எண்களையும் இட்டுவந்தது. ஆனால் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு முறையை வைத்திருந்தது. 1954 முதல் அமெரிக்க நிறுவனங்கள் வாகன அடையாள எண் முறையைக் கைக்கொண்டன; 1981இல் அது பதினேழு எழுத்தும் எண்ணும் கொண்டதாக வரையறுக்கப்பட்டது. ஒன்று, பூச்சியம் ஆகிய எண்களோடு மயங்கக்கூடும் என்பதால் ஐ, ஓ, க்யூ ஆகிய மூன்று ஆங்கில எழுத்துக்களும் அதில் இடம்பெறுவதில்லை. அமெரிக்க முறையில் ஒன்பதாம் இடத்தில் உள்ள எழுத்து, மற்றவற்றைக் கணக்கிட்டுப் பெறப்படுவது. எங்கேனும் ஓரெழுத்தை மாற்றினால் பெரும்பாலும் கணக்குப் பிசகிப் பொய் வெளிப்பட்டுவிடும். இந்தியாவில் செய்யப்படும் கார்களின் எண் ‘எம்’ என்னும் எழுத்தில் தொடங்கும். அக்பரின் அதிகாரிகள் குதிரைக்கு இட்ட எண் இங்ஙனம் உலகப் பொதுவழக்காக வளர்ந்தது.

இவ்வெண்களின் ஆற்றலை விளக்கும் மூன்று நிகழ்ச்சிகளைக் காண்போம். 1978 பிப்ரவரியில், லாஸ் ஏஞ்சல்ஸ் நகர வீடு ஒன்றின் பின்புறத்து மண்ணைத் தோண்டியபோது, ஃபெராரியின் டினோ 246 வகைக் கார் ஒன்று புதைந்திருக்கக் கண்டனர். 1974 டிசம்பரில் திருட்டுப் போனதாகப் பதிவான கார் அதுவே என்பது தெரிந்தது. அதன் எண் 07862. துருவேறி மண் படிந்த பின்னும் அக்கார் இன்னதென்பதைச் சொல்ல அவ்வெண் இருந்தது.

இரண்டாவது நிகழ்ச்சி, 1938ஆம் ஆண்டில் பிரான்சில் செய்யப்பட்ட டால்போ லாகோ என்னும் ஸ்போர்ட்ஸ் காரைப் பற்றியது. நீர்த்துளி போன்ற வடிவழகு வாய்ந்த இக்கார், பழுது பார்ப்பதற்காகக் கழற்றிப் பிரித்து வைக்கப்பட்டிருந்த நிலையில், 2001ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் திருடப்பட்டது. பதினைந்து ஆண்டுகள் அதைப் பற்றிய பேச்சில்லை. பல இலட்சம் டாலர் கொடுத்து வாங்கிய ஒருவர் 2016இல் இல்லினாய் மாநிலத்தில் தம் பெயரில் பதிய முற்பட்டபோது, திருட்டுப் போனவற்றின் பட்டியலில் அதன் எண் இருப்பது தெரியவந்தது. விஸ்கான்சின் மாநில உச்ச நீதிமன்றம் வரை சென்ற அவ்வழக்கில், திருட்டுக் கொடுத்த தரப்பினர் தம் உரிமையைக் கோரி வழக்கைத் தொடரலாம் என்று 2020இல் தீர்ப்பாயிற்று. ஏட்டைப் பார்க்காமல் வாங்கினால், பெருஞ்செல்வரும் வழக்கு மன்றத்தில் நிற்க நேரும் என்பதற்கு இது சான்று.

மூன்றாவது நிகழ்ச்சி யாவரினும் புகழ்பெற்ற ஒருவருடையது. 1995 ஏப்ரலில் இத்தாலியின் இமோலா நகரில் சான் மரினோ கிராண்ட் பிரீ பந்தயம் நடந்தபோது, ஃபெராரி அணியின் இரு பந்தய வீரர்களாகிய கெர்ஹார்டு பெர்கர், ஜான் அலேசி ஆகியோரின் கார்கள் திருட்டுப் போயின. பெர்கரின் கார் சிவப்பு நிற எஃப்512எம். திருடப்பட்ட சிறிது காலத்திலேயே அது கப்பலேறி ஜப்பானை அடைந்தது. 2023இன் பிற்பகுதியில் பிரிட்டனுக்கு வந்தது. அமெரிக்காவில் உள்ள ஒருவர் தரகர் மூலம் அதை வாங்க முனைந்தபோது, ஃபெராரி நிறுவனம் எண்ணைச் சரிபார்த்து, அது திருட்டுக் கார் என்று 2024 ஜனவரியில் இலண்டன் போலீசுக்கு அறிவித்தது. போலீசார் நான்கே நாளில் அதன் பயண வரலாற்றைத் துலக்கிக் காரைக் கைப்பற்றினர். அதன் மதிப்பு ஏறத்தாழ மூன்றரை இலட்சம் பவுன். இருபத்தெட்டு ஆண்டுகள் எந்தப் பூட்டும் காக்காத அக்காரை, ஓர் எண்ணும் அதைத் தேடிப் பார்த்த ஒருவரும் காத்தனர்.

எண்ணைத் தேய்த்து அழித்துவிட்டால் என் செய்வது என்று நேயர்கள் வினவக்கூடும். உலோகத்தில் எண் அச்சடிக்கப்படும்போது மேற்பரப்பு மட்டும் பள்ளமாவதில்லை. அடியிலுள்ள நுண்ணிய படிகங்களும் நசுங்குகின்றன. அரத்தால் மேற்பரப்பை வழித்து எடுத்தபின்னும் அந்த நசுங்கல் எஞ்சியிருக்கும். தடய அறிவியலார் அவ்விடத்தை மெருகிட்டு அமிலக் கரைசலைப் பூசுவர். நசுங்கிய பகுதி ஒரு வேகத்திலும் மற்றப் பகுதி வேறொரு வேகத்திலும் அரிக்கப்பட, அழிந்த எண் மங்கலாக மீண்டும் தோன்றும். மிக ஆழமாகச் சுரண்டியிருந்தாலன்றி இம்முறை பெரும்பாலும் பயன் தரும். அதனால் தேர்ந்த திருடர், எண்ணை அழிப்பதைவிட, விபத்தில் சிதைந்துபோன வேறொரு காரின் எண்ணையும் பத்திரங்களையும் வாங்கித் திருட்டுக் காருக்குச் சூட்டுகின்றனர். அலாவுதீனின் வீரர் செய்த ஆள்மாறாட்டமே இது.

இவை யாவும் பெருஞ்செல்வரின் கவலைகள் என நாம் ஒதுக்கிவிடுதல் கூடாது. தாயகத்தை விட்டு அயல் மாநிலங்களில் வாழும் தமிழருக்கு இதில் நெருங்கிய தொடர்புண்டு. ஊரில் இன்ன மாடு இன்னாருடையது என்பதை ஊராரே அறிவர்; வேறொருவன் அதைப் பிடித்துச் சென்றால் வழியில் நிற்பவனே கேட்பான். தில்லியிலோ மும்பையிலோ பெங்களூரிலோ நம் வாசலில் நிற்கும் கார் நம்முடையது என்பதை அறிந்தவர் எத்தனை பேர்? அந்நியரிடையே வாழ்வோருக்கு ஊராரின் நினைவு செய்யவேண்டிய வேலையை ஏடுதான் செய்கிறது. ஆகவே ஏட்டைச் செம்மையாக வைத்துக்கொள்வது, மற்றெவரையும்விட நமக்கே முதற்கடமையாகிறது.

1988ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஒரு மாநிலத்தில் பதிவான வாகனம் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வேறு மாநிலத்தில் இருந்தால் புதிய பதிவெண் பெறவேண்டும். அதற்கு முன் பழைய பதிவு அலுவலகத்தின் தடையின்மைச் சான்று வேண்டும். இதனைப் பலர் வெறும் அலைச்சலென்றே கருதுகின்றனர். ஆனால் அச்சான்றை வழங்குமுன், அவ்வாகனத்தைப் பற்றித் திருட்டு வழக்கு ஏதுமில்லை என்று போலீசிடமிருந்து எழுத்து மூலம் அறிக்கை பெறவேண்டும் என்பது அதே சட்டத்தின் கட்டளை. ‘டி.என்.’ என்னும் எழுத்து தில்லியில் ‘டி.எல்.’ ஆகலாம், மகாராஷ்டிரத்தில் ‘எம்.எச்.’ ஆகலாம், சேஸிஸ் எண் மாறுவதில்லை. அதுவே இரு மாநிலத்து ஏடுகளையும் ஒன்றாகப் பிணைக்கும் கயிறு. அடிக்கடி இடமாற்றம் பெறுவோரின் வசதிக்காக 2021இல் ‘பி.எச்.’ என்னும் நாடளாவிய பதிவு வரிசையும் ஏற்பட்டது. 2019 ஏப்ரல் முதல் புதிய வாகனங்களுக்கு, அசோகச் சக்கர முத்திரையும் லேசரால் பொறித்த எண்ணும் உடைய உயர்பாதுகாப்புத் தகடும் கட்டாயமாயிற்று.

நாம் செய்யத்தக்கவை சிலவே. பழைய கார் வாங்குவோர், பதிவுப் புத்தகத்தில் உள்ள சேஸிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் காரில் பொறித்திருப்பவற்றோடு தம் கண்ணாலேயே ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். எழுத்துக்கள் வரிசை பிறழ்ந்தோ, சுற்றியுள்ள இடம் புதுப் பெயிண்டு பூசப்பட்டோ இருந்தால் விலகிவிடுதல் நன்று. திருட்டு வாகனப் பட்டியலில் அவ்வெண் உள்ளதா என்பதைத் தேசியக் குற்றப் பதிவு நிறுவனத்தின் ஏற்பாட்டின் வழியே சரிபார்க்கலாம். கார் வைத்திருப்போர் அதன் எண்களையும், கீறல், தழும்பு முதலிய தனிக் குறிகளின் புகைப்படங்களையும் காருக்கு வெளியே பத்திரப்படுத்த வேண்டும். இரு சாவிகளும் கணக்கில் இருக்கவேண்டும். இழப்பீடு கோரும்போது காப்பீட்டு நிறுவனத்தார் இரண்டையும் கேட்பது வழக்கம்.

திருட்டு நேர்ந்துவிட்டால் தாமதமின்றிப் போலீசில் புகார் பதிவு செய்வது தலையாய கடமை. ஏட்டில் ஏறாத திருட்டை எந்த ஏடும் காட்டிக்கொடுக்காது. உடனடியாகப் புகார் பதிவாகியிருக்குமானால், காப்பீட்டு நிறுவனத்துக்கு அறிவிப்பதில் நேர்ந்த தாமதம் ஒன்றையே காரணம் காட்டி இழப்பீட்டை மறுக்க இயலாது என்று நம் உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரியில் தீர்ப்பளித்துள்ளது. முதற்புகார் எவ்வளவு மதிப்புடையது என்பதை இத்தீர்ப்பும் வலியுறுத்துகிறது.

பூட்டு ஒருவர் தமக்காகச் செய்துகொள்ளும் காவல். பொறிப்போ, பலர் கூடினாலன்றிப் பயன்படாத காவல். எண்ணைப் பொறிப்பவன் ஒருவன். ஏட்டில் எழுதுபவன் மற்றொருவன். வாங்கும்போது அதைப் படித்துப் பார்ப்பவன் மூன்றாமவன். இம்மூவருள் எவர் சோர்ந்தாலும் திருடனுக்கு வழி பிறந்துவிடுகிறது. மலிவாகக் கிடைக்கிறது என்று எண்ணைப் பாராமல் வாங்குகிறவர், எங்கோ ஒருவருடைய இழப்பின் மீது தம் வசதியைக் கட்டிக்கொள்கிறார். இமோலாவில் போன கார் இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்துப் பிடிபட்டது, விலை பேசி முடிக்குமுன் யாரோ ஒருவர் எண்ணைக் கேட்டதனால்தான். அந்தக் கேள்வியைக் கேட்கும் பழக்கம் நம்மிடையே பரவுமானால், நம் வாசலில் நிற்கும் எளிய காருக்கும் அதைவிட உறுதியான காவல் வேறில்லை.